எதிர்மறை ஏவல்

தாளைப் புரட்டும்போதெல்லாம் ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்துக்கொள்வது பிரேம்குமாரின் பழக்கம். மாணவர்கள் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாள்களின் வலது மூலையில் அந்த எச்சில் காய்ந்து மங்கலான வட்டமாக நிற்கும். அவரிடமிருந்து தாள்களைத் திரும்ப வாங்கும்போது கலைவாணி இடது மூலையைத்தான் பிடிப்பாள். மூன்று வருடமாக அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

புஸ்ஸி வீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய மையம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து புதுச்சேரியில் தங்கிவிட்டவர்களுக்கு அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தார்கள் என்றால், கலைவாணி சொல்லிக்கொடுத்தாள். சேர்க்கை, விளம்பரம், ஏசி ரிப்பேர் எல்லாம் பிரேம்குமார் பொறுப்பு. கலைவாணி சாரம் பகுதியிலிருந்து ஸ்கூட்டியில் காலை எட்டரைக்கெல்லாம் வந்துவிடுவாள். அதற்கு முன்பே அரியாங்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, அஞ்சலாட்சி என்ற நாற்பத்தைந்து வயதுப் பெண் அறையைப் பெருக்கி, வெள்ளைப் பலகையைத் துடைத்து வைத்திருப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து கீழே டீ வாங்கி வரச்சொல்லிக் குடிப்பார்கள். பிறகு அஞ்சலாட்சி அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

அந்த வருடம் வகுப்பில் ஒன்பது பேர். எட்டுப் பாடம் வரை ஒழுங்காகப் போனது. ஒன்பதாம் பாடத்தில், ஏவலில் வந்து மாட்டிக்கொண்டார்கள். வா, போ, எடு, வை என்று வாயால் சொல்லச் சொன்னால் சொல்வார்கள். எழுதச் சொன்னால் அந்த வடிவத்தைத் தொடாமலே தப்பித்துப் போய்விடுவார்கள்.

புது பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைக்கு நண்பருக்கு வழி எழுதுங்கள் என்றாள். 'பஸ் ஸ்டாண்ட். நேராக. வலது. பிறகு கடல்' என்று எழுதினார்கள். மொத்தத் தாளிலும் ஒரு வினைச்சொல் இல்லை. சாம்பார் வைப்பது எப்படி என்று எழுதச் சொன்னாள். 'நான் வெங்காயம் வெட்டுகிறேன். நான் புளி கரைக்கிறேன்' என்று வந்தது.

தப்பு அவர்களிடம் இல்லை என்று கலைவாணிக்குத் தெரியும். குறிப்பிட்ட இலக்கணம் இல்லாமலே பதில் சொல்ல முடிகிற கேள்வியைக் கொடுத்தால், எவரும் அது இல்லாமல்தான் பதில் சொல்வார்கள். பயிற்சி என்பது முட்டுச்சந்து மாதிரி இருக்க வேண்டும். இருக்கிற ஒரே கதவு நாம் சொல்லிக்கொடுத்த இலக்கணமாக இருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்து, அப்படி ஒன்றை எழுதினாள்.

'நீங்கள் ஒரு வாரம் வெளியூர் போகிறீர்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கு ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.'

ஒன்பது பேரும் குனிந்த தலை நிமிராமல் எழுதினார்கள். 'தரையைத் துடை. செடிக்குத் தண்ணீர் ஊற்று. கக்கூஸைக் கழுவு. நாய்க்குச் சோறு வை.' ஆளுக்குப் பன்னிரண்டு, பதினான்கு ஏவல். ஒருவர்கூட நழுவவில்லை. எல்லாருமே 'ங்க' சேர்க்காத மொட்டை வடிவத்தில்தான் எழுதியிருந்தார்கள் என்பதைக் கலைவாணி கவனித்தாள். அதுதான் சுலபம், விகுதி எதுவும் வேண்டாம், முதலில் அது படியட்டும், மரியாதை வடிவம் அடுத்த வாரம் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிரேம்குமாருக்கு அவளைவிடச் சந்தோஷம். விரலை நனைத்து நனைத்து ஒன்பது தாளையும் புரட்டிப் பார்த்தார்.

"மேடம், இதான் மேடம் நமக்கு வேணும். இவங்க இலக்கியமா படிக்கப் போறாங்க? வீட்ல ஆளுங்ககிட்ட வேலை வாங்கணும். 'வீட்டுத் தமிழ்'னு ஒரு புக்கே போட்டுடலாம். முப்பது பயிற்சி ரெடி பண்ணுங்க. உங்க பேரையும் போட்டுடறேன்."

தன் பெயர் போட்ட புத்தகம் என்றதும் கலைவாணிக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அடுத்து வந்தது எதிர்மறை ஏவல்: செய்யாதே, தொடாதே, போகாதே. முதல் முறை கொடுத்தபோது ஆளுக்கு ஒன்றிரண்டோடு நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வீடுகளில் கூடாத காரியம் அவ்வளவுதான் இருந்தது போல. இரண்டு வாக்கியத்தில் ஒரு வடிவம் கையில் படியாது. அதனால் கேள்வியை மாற்றினாள்: 'உங்கள் வீட்டில் வேலை செய்பவர் செய்யக் கூடாதவை எவை? குறைந்தது எட்டு எழுதுங்கள்.'

அந்தத் தாள்களை வீட்டில் குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து திருத்தினாள். எட்டு வேண்டுமே என்று சிலர் விளையாட்டாக நிரப்பியிருந்தார்கள். ஒருவர் 'மொட்டை மாடியில் யானை வளர்க்காதே' என்று எழுதியிருந்தார். சிரித்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தாள். அது சோலாஞ்சுடையது.

வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவள் சோலாஞ்ச். பாரிஸில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்திலேயே குடும்பம் இங்கிருந்து போய்விட்டது. பூட்டிக் கிடந்த தாத்தாவின் வீட்டைத் திறந்து, மேல்மாடியை விருந்தினர் விடுதியாக்கி, கீழே தான் இருந்துகொண்டாள். முகத்தைப் பார்த்தால் சாரத்துப் பெண் மாதிரி இருப்பாள். வாயைத் திறந்தால்தான் தெரியும். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் செய்துகொண்டு வருவாள்.

'மீனை ஃப்ரிட்ஜில் வைக்காதே. பூனைக்குப் பால் கொடுக்காதே. முன் வாசல் வராதெ. நாற்காலி உட்காராதெ. கண்ணாடி டம்ளர் குடிக்காதெ. என் துண்டைத் தொடாதே. விருந்தாளியோடு பேசாதே. மாடி பாத்ரூம் போகாதெ.'

நான்காவது வரியில் கலைவாணியின் பேனா நின்றது. எட்டை நிரப்ப எழுதியிருக்கிறாள், யானை மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. 'நாற்காலி'க்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'யில்' சேர்த்தாள். 'தெ'யை அடித்து 'தே' ஆக்கினாள். வாசலில், டம்ளரில், பாத்ரூமுக்கு என்று மற்ற வேற்றுமைகளையும் சரிசெய்தாள். கீழே 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நான்கு நாள் கழித்து, காலையில் அவள் படியேறி வந்தபோது அஞ்சலாட்சி பெருக்கி முடித்து, பையை மடியில் வைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டீ சொல்லவில்லை.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

அஞ்சலாட்சி பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "இது உங்க கைதான டீச்சர்?"

கலைவாணி பிரித்துப் பார்த்தாள். சோலாஞ்சின் தாள். மூலையில் எண்ணெய்க் கறை பட்டிருந்தது.

"'று'வுக்கு வாலை இப்டி இழுத்து வுடறது நீங்கதான். தெனம் போர்டு துடைக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"இது... இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"இந்த சோலாஞ்ச் மதாம் வீட்லதான நான் ஒம்போது மணிக்கு மேல வேலை செய்றேன். உங்ககிட்டதான் தமிழ் படிக்குதுன்னு தெரியும். திங்கக்கெழம ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்துச்சு. இன்னிக்கு உங்களுக்குக் காட்டலாம்னு நேத்து கழட்டிகினு வந்துட்டேன்."

"அக்கா, அது வீட்டுப் பயிற்சி. சும்மா எழுதிப் பழகறதுக்கு..."

"நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ டீச்சர். அந்தப் பொண்ணு மட்டும் எழுதியிருந்தா, மொழி தெரியாம எழுதுதுன்னு வுட்டிருப்பேன். 'நாற்காலி உட்காராதெ'ன்னுதான் அது எழுதிகிது. 'யில்' போட்டு ஒழுங்கா உக்காராதேன்னு ஆக்குனது நீங்க. கீழ மிக நன்றுன்னு வேற போட்டுகிறீங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "அந்த நாற்காலியிலதான் இத்தினி நாளா உக்காந்து பூண்டு உரிப்பேன். எதிர்ல அதுவும் உக்காந்து காப்பி குடிக்கும். ஒரு வருசமா அப்டித்தான். இப்ப போயி என்னா வந்துச்சு?"

கலைவாணி பதில் சொல்வதற்குள் அஞ்சலாட்சி எழுந்து, நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். தாளை வாங்கிக்கொண்டு போகவில்லை. அது கலைவாணியின் கையிலேயே இருந்தது. அவள் உள்ளே போய்க் கையை சோப்புப் போட்டுக் கழுவினாள். சிவப்பு மை கையில் ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் இரண்டு முறை கழுவினாள்.

அன்று வகுப்பு முடிந்ததும் சோலாஞ்சை நிறுத்தி, தாளைக் காட்டினாள்.

"ஓ, இதைக் காணோம்னு தேடினேன்!" என்றாள் சோலாஞ்ச். தினமும் பார்த்துப் படிக்கத்தான் ஃப்ரிட்ஜில் ஒட்டினாளாம். கலைவாணி, நாற்காலி வரியில் விரலை வைத்து, இது ஏன் என்று கேட்டாள்.

சோலாஞ்ச் கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு மெதுவாக, வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னாள்.

"என்கிட்ட ரெண்டுதான் இருந்தது டீச்சர். மீன், பூனை. நீங்க எட்டு கேட்டீங்க. எனக்குத் தெரியலை. அம்மாவுக்கு போன் பண்ணினேன். தாத்தா வீட்டில் வேலைக்காரங்களுக்கு என்ன சொல்வீங்கன்னு கேட்டேன். அம்மா உடனே சொன்னாங்க. நாற்காலி, டம்ளர், முன் வாசல்... ரொம்ப வேகமா சொன்னாங்க."

"எழுதினது சரி. ஏன் ஒட்டினீங்க?"

"படிக்கத்தான். ஆனா அஞ்சலாட்சி அதைப் படிச்சாங்க. அப்புறம் உட்காரலை. தரையில உட்கார்ந்தாங்க." அவள் தோளைக் குலுக்கினாள். "அது கொஞ்சம் நல்லாவும் இருந்தது டீச்சர். விருந்தாளிங்க கீழே வரும்போது வீடு ஒழுங்கா தெரியுது. அம்மா வீடியோல பார்த்து சந்தோஷப்பட்டாங்க." கலைவாணியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தாள்: "மரியாதை இல்லையா? அதுதான் பிரச்சினையா? மரியாதை வடிவம் கத்துக்கிட்டு மாத்தி எழுதிடறேன்."

யாருமே உச்சரிக்காமல் இரண்டு தலைமுறையாகச் செத்துக் கிடந்த மூன்று வாக்கியங்கள். கடல் தாண்டிப் போன் போட்டு அவற்றைத் தோண்டி எடுத்து வரச் சொன்னது தன்னுடைய 'குறைந்தது எட்டு' என்ற இரண்டு சொல்தான் என்று கலைவாணிக்கு அப்போது உறைத்தது. அப்போதே, வேண்டாம், அந்த வரிகளையே எடுத்துவிடுங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மரியாதை வடிவம் என்று சோலாஞ்ச் சொன்னதும், மூழ்கப் போனவள் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம், அதுதான் பிரச்சினை, இலக்கணத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்பினாள். அல்லது நம்ப ஆசைப்பட்டாள்.

பிரேம்குமாரிடம் போய், புத்தகத்தில் மொட்டை ஏவலே வரக் கூடாது, எல்லாம் 'ங்க' போட்டுத்தான் வர வேண்டும் என்றாள். நடந்ததையும் சொன்னாள். அவர் வடை தின்றுகொண்டிருந்தார். எண்ணெய் விரலாலேயே அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இலக்கணம் கரெக்டாதான மேடம் இருக்கு?"

"சார், அந்த அம்மா நம்ம ஆபீஸ்லயும் வேலை செய்றவங்க."

"சரி சரி, 'ங்க' போட்டுடுங்க. அதுவும் நல்லதுதான். 'மரியாதையாக வேலை வாங்கலாம்'னு அட்டையில போட்டா நல்லா எடுபடும்."

கலைவாணி பயிற்சியை மாற்றினாள். எண்ணிக்கை எதுவும் கேட்கவில்லை. 'நீங்க' வடிவம் மட்டும்தான் வர வேண்டும், அக்கா, அண்ணா என்று முறை வைத்து அழைக்க வேண்டும், தயவுசெய்து என்ற சொல்லைப் பழக வேண்டும் என்று மூன்று விதி வைத்தாள். வகுப்பில் ஒரு மணி நேரம் முழுக்க, இந்த ஊரில் மனிதர்களை எப்படி அழைப்போம் என்று பேசினாள். ஒன்பது பேரும் தலையாட்டிக் கேட்டார்கள். சிலர் கேள்விகூடக் கேட்டார்கள். பேசி முடித்தபோது அவளுக்கு மனசு லேசாகிவிட்டது.

மறுநாள் சோலாஞ்சின் தாள் வந்தது. எண்ணிக்கை கேட்காவிட்டாலும் எட்டு வரி இருந்தது. அவை இப்போது அந்த வீட்டின் விதிகளாகிவிட்டிருந்தன.

'அஞ்சலாட்சி அக்கா, தயவுசெய்து நாற்காலியில் உட்காராதீங்க. தயவுசெய்து கண்ணாடி டம்ளரில் குடிக்காதீங்க அக்கா. முன் வாசலில் வராதீங்க, விருந்தாளிகள் பார்ப்பாங்க.'

கலைவாணி சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு தப்புத் தேடினாள். ஒரு கால், ஒரு கொம்பு, ஒரு ஒற்று, ஏதாவது ஒன்று. மறுபடி மறுபடி படித்தாள். எங்கேயும் எதுவும் பிசகவில்லை. விகுதி சரி, வேற்றுமை சரி, முறை சரி. அவள் கற்பித்த அத்தனையும் அந்தத் தாளில் பளிச்சென்று கழுவி வைத்தது போல் உட்கார்ந்திருந்தது. அந்த 'அக்கா' என்ற சொல்லின் கீழ் கோடு போடப் போய், பேனாவை மூடினாள். மொட்டை வடிவத்தில் இருந்தபோதாவது அது இன்னதென்று தெரிந்தது. இப்போது அதற்குப் பவுடர் பூசிப் பூ வைத்து விட்டிருந்தாள். மதிப்பெண் போடாமல் தாளைக் குப்புற வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

அடுத்த வாரம் அஞ்சலாட்சியே அந்தப் பேச்சை எடுத்தாள். "புதுசா ஒட்டிகிது டீச்சர். ப்ளாஸ்டிக் ஒற போட்டு ஒட்டிகிது, தண்ணி பட்டாலும் போகாது. அக்காங்குது, தயவுசெய்துங்குது." பலகையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கலைவாணியால் பார்க்க முடியவில்லை. "நாற்காலி மட்டும் எனக்கில்ல."

"நான் போய்ப் பேசறேன்கா. எடுக்கச் சொல்றேன்."

"வேணாம். ஒரு தபா நீங்க பேசித்தான் இது வந்துகிது. நான் வேற எடம் பாத்துகினுகிறேன். கெடைக்கிற வரைக்கும் வுட்டுடுங்க."

அன்று பகலிலேயே கலைவாணி பிரேம்குமாரின் அறைக்குப் போய், தான் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொன்னாள். புத்தகத்திலிருந்து அந்தப் பயிற்சிகளை எடுத்துவிட வேண்டும் என்றாள். உள்பக்கங்கள் எல்லாம் அச்சுக்குப் போய்விட்டன, அட்டைதான் பாக்கி என்றார் அவர். அப்படியானால் என் பெயரையாவது எடுங்கள் என்றாள்.

அவர் அதற்கு வருத்தப்படுவார், கெஞ்சுவார், ஏதாவது வாதம் செய்வார் என்று நினைத்திருந்தாள். அவர் விரலை நனைத்து அட்டைப்பட மாதிரியைப் புரட்டி எடுத்து, பால்பாயிண்ட் பேனாவால் 'கலைவாணி' என்ற பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். "அவ்ளோதான மேடம்? எடுத்துட்டாப் போச்சு" என்றார். மேலே அவருடைய பெயர் தனியாக நின்றது. முப்பது பயிற்சியும் அப்படியே இருக்கும், இனி அவை அவருடையவை என்று படியிறங்கும்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தன் கையைச் சுத்தமாக்கிக்கொண்டதைத் தவிர அவள் வேறொன்றும் செய்துவிடவில்லை. அதுவும் சுத்தமாகவில்லை.

ஜூனில் சாரத்திலேயே ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கச் சேர்ந்தாள். புத்தக வெளியீட்டுக்கு அவளுக்கும் அழைப்பு வந்தது. போகவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காந்திவீதிச் சந்தையில் பள்ளிக்கூடப் பை பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். அஞ்சலாட்சி. இரண்டு பேரும் ஓரமாக ஒரு வண்டிக் கடையில் டீ வாங்கிக்கொண்டு நின்றார்கள். மதாம் வீட்டை விட்டுவிட்டாளாம். ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலையாம். மையத்தில் மட்டும் காலையில் போய்ப் பெருக்கிவிட்டு வந்துகொண்டிருந்தாள், போன மாதம் வரை.

"ஏன்கா, அதையும் விட்டுட்டீங்களா?"

"புக்கு வெளியீட்டோட வுட்டுட்டேன்." அஞ்சலாட்சி டீயை ஊதிக் குடித்தாள். "ஓட்டல்ல ஹால் எடுத்து வச்சாரு. டீ, காப்பி பாத்துக்கோன்னு என்னையும் வரச் சொன்னாரு. நடுவுல திடீர்னு என்னை மேடைக்குக் கூப்புட்டாரு. ஒரு டேபிள், மேல நாலு எச்சி டம்ளரு. ஒம்போது பேரும் வரிசையா நின்னு எனக்கு வேலை சொன்னாங்க. அக்கா, டம்ளரை எடுங்க. அக்கா, டேபிளைத் துடைங்க. அக்கா, கீழே வைக்காதீங்க. சுத்தமா பேசுனாங்க டீச்சர், ஒரு எழுத்துத் தப்பில்ல. ஒவ்வொண்ணுக்கும் ஜனங்க கை தட்டுனாங்க."

"நீங்க செஞ்சீங்களா?"

"ரெண்டு செஞ்சேன். எல்லாரும் பாக்கறாங்களே, என்னா பண்றது? மூணாவது சொல்லும்போது துணிய அங்கியே போட்டுட்டு எறங்கி வந்துட்டேன்."

"நல்ல வேலை செஞ்சீங்க."

"எங்க? அதுக்கும் கை தட்டுனாங்க. 'செய்யமாட்டேன்'னு அடுத்த பாடம் வருதாம். அதைத்தான் நான் நடிச்சிக் காட்டறேன்னு மைக்ல சொல்லிட்டாரு."

கலைவாணி டீயை அப்படியே கீழே கொட்டினாள். அஞ்சலாட்சி தன்னுடையதை நிதானமாகக் குடித்து முடித்து, காலி கிளாஸை வண்டிக்காரரிடம் நீட்டினாள். பிறகு, பை பார்த்தீங்களே, அந்த நீலத்துல ஜிப்பு நல்லா இல்ல, வேற பாக்கலாம் வாங்க என்று சொல்லிக் கூட்டத்துக்குள் முன்னால் நடந்தாள்.